நத்தாருக்கு என்ன காய்ச்சுவோம்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், திருவருகைக் காலத்தில், கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எங்களிடம் கேட்ட தலைப்பு வேறு. 'நீரிழிவும் நடுத்தர வயதுப் பெண்களும்' என்று அழைப்பிதழில் அச்சிடுவதற்கும் ஆயத்தமாக இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, றோல்சும் பற்றிசும் கேக்கும் வயிற்றில் இருக்கும்போது, அந்தத் தலைப்பில் பேசினால் முன்வரிசை தவிர்ந்த மற்ற வரிசைகள் எல்லாம் நித்திரையாகிவிடும். முன்வரிசையில் எங்கள் கணித ரீச்சர் இருக்கிறா. அங்கே மட்டும் ஒருவரும் கண்ணயர மாட்டார்கள். ஆகவே தலைப்பை மாற்றித் தரும்படி கேட்டோம். இந்த மாதத்தில் எங்கள் வீடுகளில் எல்லாம் கேட்கப்படும் கேள்வியையே எடுத்துக்கொண்டோம். நத்தாருக்கு என்ன காய்ச்சுவோம்? செயலாளர் கவலைப்பட வேண்டியதில்லை. அவர் கேட்ட விடயமும் இதற்குள்தான் இருக்கிறது, சட்டிக்குள் மூடி வைத்திருக்கிறோம்.

மார்கழி பிறந்ததும் கிறிஸ்தவ வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கும். ஆடா, கோழியா என்று ஒரு கட்சி. மதியம் சோறா, இரவுப் பூசை முடிந்து வந்து இடியப்பமா என்று இன்னொரு கட்சி. ஊரில் யாராவது ஒருவர் ஆடு பார்த்து வைத்துப் 'பங்கு' சேர்க்கத் தொடங்குவார். வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லத்தான் வேண்டும். பங்கு இறைச்சி என்பது கடை இறைச்சி அல்ல. பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி, விடியப்புறம் அடித்து, இறைச்சி, எலும்பு, ஈரல், குடல் என்று எல்லாவற்றிலும் எல்லாருக்கும் சமமாக வரும்படி கூறு போட்டு, பனையோலைக் குடலையில் கட்டிக் கொண்டுபோவது. தீபாவளிக்கும் அப்படித்தான், நத்தாருக்கும் அப்படித்தான். பங்குக்குப் பெயர் கொடுத்துவிட்டால் வீட்டில் பாதித் தீர்மானம் முடிந்த மாதிரி. மீதிப் பாதி, அம்மா எத்தனை மணிக்கு எழும்புவது என்பது.

எது உண்மையான நத்தார்ச் சாப்பாடு என்று சில வேளைகளில் வாதம் வரும். அந்த வாதத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. கொழும்பு பறங்கியர் வீடுகளின் புரூடர் ஒல்லாந்தர் காலத்தது. வான்கோழி இங்கிலாந்துப் பழக்கம். எங்கள் அம்மம்மாமார் சுட்ட பயற்றம் பணியாரம், சைவ வீட்டுத் தீபாவளிக்கும் நத்தாருக்கும் ஒரே அச்சில்தான் வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் எல்லாவற்றுக்கும் மிளகாய்த்தூள் போட்டோம், அவ்வளவுதான்.

கேக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச விருப்பம். ரவை, பட்டர், முட்டை மஞ்சட்கரு, கஜு, பிளம்ஸ், இஞ்சிப் பாகு, பாகில் ஊறிய நீற்றுப்பூசணி, றோஸ் எசன்ஸ், துணிந்த வீடுகளில் பிராந்தி. இவற்றை வெட்டுவதற்கு ஒரு பின்னேரம் முழுக்க வீட்டில் உள்ள எல்லாக் கத்திகளும் வேண்டும். வெட்டியதில் கால்வாசி வெட்டினவர்களின் வாய்க்குள் போகும். அவண் இல்லாத காலத்தில் கேக் தட்டுகளைத் தலையில் வைத்துச் சந்திப் பேக்கரிக்குக் கொண்டுபோய், பாண் போட்டு முடிந்த போறணையின் மிச்சச் சூட்டில் வேகவைத்து வாங்கி வருவார்கள். தொண்ணூறுகளின் முதற்பாதியில் அதுவும் இல்லை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் துளித் துளியாகத்தான், படிப்பெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில். கோதுமை மாவும் சீனியும் கிடைத்தால் ஒரு பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டு எங்கள் அம்மாமார் கேக் சுட்டார்கள். ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் களியாக இருக்கும். நடுவில் வேண்டும் என்று அடிபடுவோம். 2022 இல் எரிவாயு வரிசையிலும் முட்டை விலையிலும் நாடே திண்டாடியபோது, இந்த மண்டபத்தில் இருக்கும் அம்மாமாருக்கு அது புதுப் பாடம் அல்ல. மணற்சட்டியை மறுபடி தேடி எடுத்தவர்களை எங்களுக்குத் தெரியும்.

அந்தக் கேக்கில் நாங்கள் கவனித்தது ஒன்று உண்டு. அதை ஒருபோதும் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்ததில்லை. தீப்பெட்டி அளவு துண்டு, எண்ணெய்க் கடதாசி, அதற்கு மேல் வர்ணக் கடதாசி. ஒருவருக்கு ஒன்று. இன்று அளவுச் சாப்பாடு பற்றி நாங்கள் கிளினிக்கில் அரை மணித்தியாலம் தொண்டை வற்றச் சொல்வதை அந்தக் கடதாசிச் சுற்று சொல்லாமலே செய்தது. இப்போது ஒரு கிலோ ஐசிங் கேக்கை மேசை நடுவில் வைத்துக் கத்தியையும் பக்கத்தில் வைத்துவிடுகிறோம். பழைய முறைதான் நல்லது என்று எல்லாவற்றுக்கும் சொல்லுகிற ஆட்கள் அல்ல நாங்கள். இதற்கு மட்டும் சொல்லுவோம்.

இனி, நாங்கள் சொல்ல வந்த விடயம். என்ன காய்ச்சுவது என்ற கேள்வியைக் கறியில் தொடங்கினால் அது ஒருநாளும் முடியாது. அதை எங்கே தொடங்குவது என்று எங்களுக்குக் காட்டித் தந்தவர் ஒரு கிறிஸ்தவ அம்மா அல்ல, பிள்ளையார் பெருங்கதை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சைவ அம்மா.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு. அதைப் பற்றி இந்தச் சபைக்கு விளக்கத் தேவையில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழையில் எழும்பி, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. எங்கள் வகுப்பு அப்போது ஆண்டு 10. கல்லூரிக் கதிரை, மேசை, வரவு இடாப்பு எல்லாம் அங்கேயே இருக்க, நாங்கள் புத்தகப் பையோடு ஆளுக்கொரு திசையில் போனோம். எங்கள் குடும்பத்துக்குக் கொடிகாமம் பக்கம் ஒரு வீட்டு விறாந்தை கிடைத்தது. அந்த வீட்டில் எங்களோடு சேர்த்து ஐந்து குடும்பங்கள், இருபத்திரண்டு பேர். ஒரு கிணறு, இரண்டு அடுப்பு.

மார்கழி வந்தது. அந்த வருடம் பெருங்கதை விரதம் நத்தாரையும் தாண்டித்தான் முடிந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு நேரச் சாப்பாடு. வீட்டில் மச்சம் இல்லை. விரத காலத்தில் மச்சச் சட்டி முற்றத்துக் கொட்டிலில் கவிழ்ந்து கிடக்கும். இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த அம்மாவே கதையைத் தொடக்கினா.

"தங்கச்சி, உங்கட பெருநாளுக்கு என்ன செய்யப் போறியள்? மச்சம் காய்ச்சுறதெண்டால் கொட்டிலுக்க அடுப்பு மூட்டித் தாறன். நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

"வேண்டாமக்கா. நீங்கள் விரதம். நாங்கள் உங்கட வளவுக்க இருந்துகொண்டு…"

"விரதம் எனக்கு. உங்கட பிள்ளையளுக்கு இல்லை."

இப்படி இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, ஒன்றும் முடிவாகவில்லை. விட்டுக்கொடுப்பதில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் போட்டி போட்டால் சண்டை போடுவதைவிட நீளும். கடைசியில் அந்த அம்மா கேட்ட கேள்விதான் எங்களுக்கு மறக்கவில்லை.

"அது கிடக்கட்டும். ஐயா காலமை எத்தின மணிக்கு ஊசி போடுறவர்?"

ஐயா என்றது எங்கள் அம்மப்பாவை. அவருக்கு நீண்ட காலமாக நீரிழிவு, காலையும் மாலையும் இன்சுலின். குளிர்சாதனப் பெட்டி இல்லாததால் மருந்துக் குப்பியை மண்பானைக்குள் ஈர மணலில் புதைத்து வைத்திருந்தோம். அவருடைய ஊசி ஏழு மணிக்கு, காலைச் சாப்பாடு ஏழரைக்கு, மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குப் பிந்தக்கூடாது. நத்தார் ஆராதனை ஒன்பது மணிக்கு. வந்திருக்கும் சனத்துக்கு ஆலயம் காணாது, பிரசங்கம் எத்தனை மணிக்கு முடியும் என்று போதகருக்கே தெரியாது.

"அப்ப பன்னிரண்டு மணிக்குச் சட்டி இறங்க வேணும்," என்றா அந்த அம்மா. "பன்னிரண்டுக்கு இறங்குற கறி என்னெண்டு பாப்பம்."

அதற்குப் பிறகு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரே கிடாரம். அரிசியும் பருப்பும், பூசணிக்காய், கத்தரிக்காய், மரவள்ளிக்கிழங்கு. மச்சம் இல்லை, ஆகவே இருபத்திரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. பிள்ளைகளுக்கு இனிப்புக்கு அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும். அன்று ஆராதனை நினைத்தபடியே நீண்டது. பன்னிரண்டேகாலுக்கு அந்த வீட்டு மகன் சைக்கிளில் ஒரு மூடிய கோப்பையோடு ஆலய வாசலுக்கு வந்து நின்றான். அம்மப்பா மாமரத்தின் கீழ் இருந்து சாப்பிட்டார். அதைக் கொடுத்துவிட்ட அம்மா அன்று அதுவரை வாயில் பச்சைத் தண்ணீர்கூட விட்டிருக்கவில்லை.

அந்தக் கேள்வியின் அருமை, மருத்துவம் படித்து விடுதியில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் முழுதாக விளங்கியது. பெருநாட்களில் நீரிழிவு நோயாளிகளைக் கொண்டுவருவார்கள். 'கண்டபடி சாப்பிட்டிருப்பார்' என்று எல்லாரும் நினைப்பார்கள். பல பேர் சாப்பிட்டதால் வருவதில்லை, சாப்பாடு பிந்தியதால் வருகிறார்கள். காலையில் வழமைபோல இன்சுலினையோ சில வகைக் குளிசைகளையோ போட்டுவிட்டு, பூசைக்குப் போய், உறவினர் வீடுகளில் ஏறி இறங்கி, "விருந்துச் சாப்பாடு வருகுதுதானே" என்று வயிற்றைக் காயப்போட்டு, மூன்று மணிக்கு மேசையில் உட்காரும்போது குருதியில் சீனி இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும், பேச்சுக் குழம்பும். வீட்டில் உள்ளவர்கள் களைப்பு என்பார்கள், வேறு காரணமும் சந்தேகிப்பார்கள், பெருநாள் அல்லவா! சீனி மூன்று நான்கு தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் திரும்பக் கொடுங்கள். தெளிந்த பிறகு சோறு கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இதையெல்லாம் செய்யவேண்டி வராமல் இருக்க ஒரே வழி, நத்தார்ச் சாப்பாட்டின் நேரத்தை முதலில் தீர்மானிப்பது. பெரியவர்களுக்குப் பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரை. புரியாணிக்கு 'தம்' இறங்கவில்லை என்றால் புரியாணி அந்த வீட்டுக்கு அந்த வருடம் பொருந்தாத சாப்பாடு.

நேரத்துக்கு அடுத்தது ஆட்கள். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. எட்டுப் பத்துப் பேர் இருக்கும் மேசையில் ஒருவர், இருவர் இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? எல்லாருக்கும் நெய்ச்சோறும் இறைச்சியும் வைத்துவிட்டு, "அம்மாக்கு வேறயா வைச்சிருக்கு" என்று ஒரு கோப்பையில் ஓட்ஸ் கஞ்சியோ குரக்கன் புட்டோ கொண்டுவந்து வைக்கிறோம். அந்த அம்மாதான் முதல் நாள் இரவு முழுக்க இஞ்சி உள்ளி அரைத்தவர். பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் அவரை நோயாளியாக இருத்திவைக்கிறோம். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பின்னேரம் நாலு மணிக்கு, எல்லாரும் படுத்திருக்கும்போது, குசினியில் நின்றபடி சட்டியோடு சாப்பிடுவார். இதை எத்தனையோ அம்மாமார் கிளினிக்கில் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் மகள் வெளியே போனபிறகு, குரலைத் தாழ்த்தி.

எங்கள் கட்சி இதுதான்: தனிக் கோப்பை வேண்டாம். அம்மாவால் சாப்பிடக்கூடிய சாப்பாட்டையே எல்லாருக்கும் காய்ச்சுங்கள். அது பத்தியச் சாப்பாடாக இருக்கவேண்டும் என்று அர்த்தமில்லை.

எங்கள் வீட்டில் இந்த முறை முடிவாகியிருப்பதைச் சொல்லுகிறோம். மொட்டைக்கறுப்பன் சோறு. பிள்ளைகள் ஃபிரைட் ரைஸ் கேட்டுப் போராட்டம் நடத்தியதால், கஜுவும் பிளம்சும் போட்ட நெய்ச்சோறு ஒரு சின்னச் சட்டி, எல்லாருக்கும் ஒவ்வொரு அகப்பை. ஆட்டிறைச்சியை முதல் நாள் பின்னேரமே கொழுப்பு வெட்டிக் காய்ச்சி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைப்போம். காலையில் மேலே உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுச் சூடாக்கினால் போதும். எண்ணெய் குறையும், உறைப்பும் உப்பும் இறைச்சிக்குள் இறங்கியிருக்கும், இறைச்சியும் பல்லில்லாத பெரியம்மா சாப்பிடக்கூடிய பதத்துக்கு வந்திருக்கும். கத்தரிக்காயைப் பொரிக்காமல் பால்கறி. பயற்றங்காய் வறை, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், கடைசியில் இரசம். கோப்பையில் பாதி இலையும் காயும், கால்வாசி சோறு, கால்வாசி இறைச்சி என்று வந்தால் நாங்கள் சந்தோசமாக வேறு பக்கம் பார்ப்போம். சைவக் கறிகளை எல்லாம் முதலில், தனிச் சட்டியில், தனி அகப்பையில் காய்ச்சிவிடுவோம். விரதம் பிடிக்கிற தோழிகள் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு 'சம்பலும் சோறும்' என்று ஒதுக்காமல், மேசையில் இருப்பதில் இறைச்சி ஒன்றைத் தவிர எல்லாமே அவர்களுக்கும் உரியது. பிறகு பப்பாசிப்பழம், கடதாசியில் சுற்றிய கேக் ஆளுக்கு ஒன்று. அம்மாவுக்கும் ஒன்று. கடதாசியை அவவே பிரிப்பா.

இங்கே ஒரு வழக்கையும் தீர்க்கவேண்டும். பனங்கட்டி என்றால் பரவாயில்லை, சக்கரை என்றால் பரவாயில்லை, தேன் மருந்துதானே என்று நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பனங்கட்டிக்கு எங்கள் மனதில் தனி இடம் இருக்கிறது, ஆனால் குருதிக்கு அந்தப் பாசம் தெரியாது. அதுவும் சீனிதான். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும்கூடக் கூடாமல் போகலாம். அவர்கள் தங்கள் கிளினிக்கில் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும், பக்கத்து வீட்டில் கேட்டு அல்ல.

நத்தார் ஒருநாள் சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். கிளினிக்கில் நாங்கள் பார்க்கும் எச்பிஏ1சி என்ற குருதிப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதக் கதையைச் சொல்லும். ஒரு மதியச் சாப்பாடு அதில் தெரியவே தெரியாது. தெரிவது பலகாரத் தகரம். எங்கள் ஊரில் நத்தார்ப் பலகாரம் டிசெம்பர் நடுப்பகுதியில் தகரத்துக்குள் போகும். அது முடியமுதல் வருடப்பிறப்பு, அது முடியமுதல் தைப்பொங்கல். சைவ வீட்டிலிருந்து வரும், கிறிஸ்தவ வீட்டிலிருந்து போகும். போகும்போதும் வரும்போதும் ஒரு சிப்பி, ஒரு முறுக்கு, ஒரு பயற்றம் உருண்டை. ஒரு மாதம் இப்படிப் போனால் அது தெரியும். ஆகவே விருந்தைக் குறைக்காமல் தகரத்தைச் சின்னதாக்குங்கள்.

சமைப்பவரைப் பற்றியும் பேசவேண்டும். எங்கள் வீடுகளில் சமைத்தவர் கடைசியாகச் சாப்பிடுவார். இறைச்சியில் எலும்பும் குழம்பும் மிஞ்சியிருக்கும் நேரம் அது. விடிய நாலு மணியிலிருந்து நின்ற காலோடு, வீங்கிய கணுக்காலோடு. ஒரு சாப்பாட்டைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் நாங்கள் வைத்திருக்கும் சோதனை: எல்லாரும் உட்கார்ந்த பிறகும் இது ஒருவரை அடுப்படியில் நிறுத்துமா? நிறுத்துமென்றால் வேண்டாம். சுடச்சுட அப்பம், சுடச்சுட றோல்ஸ், எல்லாம் அந்தக் கணக்கில் வெட்டுப்பட்டுவிடும். அப்பம் இல்லாமல் நத்தாரா என்று கேட்கும் ஐயாமார் தாச்சியைக் கையில் எடுக்கலாம், தடை இல்லை. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நத்தார் இரவுக்கு ஒடியல் கூழ். முற்றத்தில் ஒரே பானை. மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், முருங்கையிலை. ஒடியல் மாவை ஊறவைத்துக் கைப்புத் தண்ணீரை வடிப்பது மட்டும் அவளுடைய வேலை. துழாவுவது ஆண்கள். பிளாவில் ஊற்றி எல்லாரும் நின்றபடி குடிப்பார்கள். யாரும் யாருக்கும் பரிமாறுவதில்லை. நாங்கள் கண்ட நத்தார்ச் சாப்பாடுகளில் புத்தியான சாப்பாடு அது.

சில வீடுகளில் இந்தத் தீர்மானத்தில் இல்லாதவர்களும் வாக்களிப்பார்கள். அப்பாவுக்குப் பிடித்த ஈரல் வறையை அப்பா இல்லாத முதல் வருடம் காய்ச்சுவதா விடுவதா என்று முட்டுப்பட்டு நின்ற வீடுகள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கும். 2004 ஆம் ஆண்டு நத்தாருக்கு அடுத்தநாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் 25 ஆம் திகதிச் சட்டிகள் கழுவமுதல் வந்தது. அந்தக் கரைகளில் இருந்து எங்கள் விடுதியில் தங்கிப் படித்த தோழிகளின் வீடுகளில் நத்தார் இன்னமும் சின்னச் சமையல்தான், அடுத்த நாள் நினைவு நாள் என்பதால். அவர்களைப் போய் "நல்லாச் செய்யுங்கோ" என்று உற்சாகப்படுத்தவேண்டாம். எவ்வளவு காய்ச்சுவது என்று அவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இரண்டு மூன்று சொல்ல இருக்கிறது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் 'ஆளுக்கொரு கறி' முறை நல்ல முறைதான், ஆனால் யார் என்ன என்று முதலே பேசாவிட்டால் நாலு வட்டிலப்பமும் இரண்டு ஐசிங் கேக்கும் வரும், ஒரு கீரை வராது. வான்கோழி வாங்குபவர்கள், உறைந்த பறவையைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு. ஐந்து கிலோ என்றால் இரண்டரை நாள் முன்பே இறக்கவேண்டும். குசினி மேசையில் இரவு முழுக்க வைத்து இளக்குவது பறவைக்கு வசதி, கிருமிக்கு அதைவிட வசதி. மிஞ்சிய சோற்றையும் இறைச்சியையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் எடுத்துக் குளிரில் வையுங்கள். திரும்ப ஒருமுறை மட்டும், ஆவி பறக்கச் சூடாக்குங்கள். 26 ஆம் திகதி வயிற்றோட்டத்தோடு வருபவர்களில் பாதிப் பேரின் கதை இந்தச் சோற்றில்தான் தொடங்குகிறது.

இன்னொன்று, இது கொஞ்சம் கடினமானது. ஊரில் தனியே இருக்கும் அம்மாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் சாப்பாடு ஓடர் பண்ணுகிறீர்கள். அன்பில்தான். ஒரு ஆளுக்கு ஒரு பார்சல் அனுப்ப மனம் வராமல், பத்துப் பேருக்குக் காணும் புரியாணி வந்து இறங்குகிறது. அம்மா ஒரு பிடி சாப்பிடுவா. மிச்சத்தை எறிய மனம் வராமல் ஐந்து நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நாளுக்கு இரண்டு முறை சூடாக்கி, "பிள்ளை அனுப்பினது" என்று சாப்பிடுவா. அந்த உப்பும் எண்ணெயும் பிரஷராக, வீங்கிய காலாக, புதுவருடத்தில் எங்கள் கிளினிக்குக்கு வரும். பத்துப் பேர்ச் சாப்பாட்டுக்குப் பதிலாக மூன்று பேர்ச் சாப்பாடு சொல்லுங்கள். அம்மாவோடு இருந்து சாப்பிட இரண்டு பேரைத் தேடுங்கள். தேட ஆள் இல்லையென்றால், அதற்குத்தானே நூறு வருடமாக ஒரு சங்கம் வைத்திருக்கிறோம்.

இதைச் செயற்குழுவில் ஏற்கெனவே பேசி முடிவெடுத்துவிட்டோம், ஆகவே அறிவித்தலாகவே சொல்லலாம். இந்த நத்தாருக்கு யாழ்ப்பாண நகரிலும் சுற்றுப்புறத்திலும் தனியே இருக்கும் எங்கள் இளைப்பாறிய ஆசிரியர்கள், பழைய மாணவிகளின் தாய்மார் ஆகியோரின் பெயர்களைச் சேர்க்கிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பழைய மாணவிகள் சாப்பாட்டோடு போய், அங்கேயே இருந்து, அவர்களோடு சாப்பிடவேண்டும். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பி வரக்கூடாது. போகமுதல் தொலைபேசியில் மூன்று விடயம் கேட்கவேண்டும்: எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள், என்ன குளிசை போடுகிறீர்கள், மச்சமா சைவமா. என்ன காய்ச்சுவது என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பெயர்ப் பட்டியல் வாசலில், பொருளாளரின் மேசையில் இருக்கிறது. ஆட்டுப் பங்குக்குப் பணம் கட்டாதவர்களும் அதே மேசையில்தான் கட்டவேண்டும். குடலை முடைய ஓலை கொண்டுவருவதாகச் சொன்ன 1988 ஆம் ஆண்டு அக்காமார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறோம். கணித ரீச்சரின் பெயருக்கு எதிரே இதுவரை ஏழு பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் போதும். மற்ற ஐந்து பேரும் தயவுசெய்து வேறு வீடுகளைத் தெரிவு செய்யுங்கள். ரீச்சர் இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறா.